ஹாம்ஸ்ட்ரிங் இறுக்கம்: மசாஜா, ஸ்ட்ரெச்சிங்கா?

இன்னைக்குக் கேள்வி இதுதான்: "குனிஞ்சு கால் விரலைத் தொட முடியல. மசாஜ் கன் வாங்கணுமா, ஸ்ட்ரெச்சிங்கே போதுமா?" காசு செலவாகிற விஷயம், அதனால நேரா உள்ளே போயிடலாம்.

ஹாம்ஸ்ட்ரிங்னா ஒரே தசை இல்ல, தொடையின் பின்பக்கம் இருக்கிற மூணு தசைகள். உட்காரும்போது நாற்காலியில் அழுந்துற எலும்புல ஆரம்பிச்சு, முழங்காலுக்குக் கீழே போய் முடியுது. அதனாலதான் முழங்காலை மடக்கினா ஈஸியா குனிய முடியுது, நீட்டினா பிடிச்சு இழுக்குது.

ஸ்ட்ரெச் பண்ணா தசை ரப்பர் மாதிரி நீளும்னு நினைக்கிறோம். சில வாரப் பயிற்சியில் பெரும்பாலும் மாறுறது தசையின் நீளம் இல்ல. அந்த இழுப்பைத் தாங்கிக்கிற பழக்கம். நம்ம பாஷைல சொன்னா ஹார்ட்வேர் அதேதான், நரம்பு மண்டலம் வச்சிருக்கிற லிமிட்தான் கொஞ்சம் தள்ளிப் போகுது. மசாஜும் ஃபோம் ரோலரும் பெரும்பாலும் அதே லிமிட்டைத்தான் தளர்த்துது.

அப்போ வித்தியாசம் எங்கே? ரோலரை ரெண்டு நிமிஷம் உருட்டினா உடனே கால் லேசாகும். ஆனா அரை மணி நேரத்துக்குள்ள அந்தப் பலன் பெரும்பாலும் கரைஞ்சிடும். ஸ்ட்ரெச்சிங்கைப் பத்தி 1994-ல் பேண்டி, இரியன் ரெண்டு பேரும் செஞ்ச ஆய்வு ஒண்ணு இருக்கு. வாரம் 5 நாள், 6 வாரம். 30 விநாடி பிடிச்சவங்களுக்கு 15 விநாடியை விட நல்ல பலன். 60 விநாடி பிடிச்சவங்களுக்குக் கூடுதலா எதுவும் கிடைக்கல. ரோலரையும் வாரக்கணக்கில் விடாம செஞ்சா பலன் உண்டு. ஆனா ஸ்ட்ரெச்சிங்குக்குச் சுவர் போதும்: மல்லாந்து படுத்து, ஒரு காலைச் சுவர்ல நீட்டி, குலுக்காம 30 விநாடி.

விளையாடப் போறதுக்கு முன்னாடி மட்டும் கணக்கு மாறும். ஒரே தசையை ஒரு நிமிஷத்துக்கு மேல அசையாம இழுத்துப் பிடிச்சா, ஓட்டத்துல வேகம் கொஞ்சம் குறையலாம். அப்போ ரோலரும், காலை முன்னும் பின்னும் வீசுறதும் போதும். நிதானமான ஸ்ட்ரெச்சிங்கை ராத்திரிக்கு வச்சுக்கோங்க.

ரெண்டு எச்சரிக்கை. பாதம் வரைக்கும் சுரீர்னு இழுத்தாலோ மரத்துப் போனாலோ அது நரம்பா இருக்கலாம், மேல இழுக்காதீங்க. ஓடும்போது பட்டுனு வலிச்சு, தொடை கன்றிப் போச்சுன்னா மசாஜும் வேண்டாம், ஸ்ட்ரெச்சிங்கும் வேண்டாம். முதல்ல பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்க.

ஆக, மசாஜ் கன்னை கார்ட்ல போடறதுக்கு முன்னாடி ஆறு வாரம் சுவரை ட்ரை பண்ணிப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!