உங்களுக்குத் தெரியுமா? நாய்க்குச் சோறும் செரிக்கும்!

கொள்ளிடக் கரையில் இருக்கும் திருமழபாடி, நெல் விளையும் பூமி. இப்படிப்பட்ட ஊர்களில் வீட்டு நாய்க்குக் கிடைப்பது பெரும்பாலும் சோறுதான். “நாய் ஓநாய் வம்சம், பச்சை இறைச்சிதான் போடணும்” என்று யாராவது சொன்னால் கலங்க வேண்டாம். 2013-இல் ‘நேச்சர்’ இதழில் சுவீடன் ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள்: மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதியின் மரபணு ஓநாயிடம் 2 படிகள், நாய்களிடம் 4 முதல் 30 வரை! மனிதரோடு சேர்ந்து உண்டு வாழ்ந்ததன் தடம் அது.

ஆனால் வெறும் சோறு போதவே போதாது. வேகவைத்த முட்டை, எலும்பில்லாத கோழிக்கறி, முள் எடுத்த மீன் என்று ஏதாவது சேரட்டும். வளரும் குட்டிக்குக் கால்சியம் குறையாமல் இருக்க, கால்நடை மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொள்ளுங்கள்.

நாம் அன்போடு செய்யும் பெரிய தவறு, மிச்சக் குழம்பைப் பிசைந்து வைப்பது. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சமைத்த எலும்பு சிம்பு சிம்பாகப் பிளந்து குடலைக் குத்தும். உப்பு, மசாலா சேர்ப்பதற்கு முன்பே நாயின் பங்கைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.