பகை கொண்ட களிறுகளைப் பிரித்துக் காத்தல்

கூடி வாழும் இயல்புடைய விலங்குகளே சிற்சில வேளைகளில் தம்முள் மிகக் கடுமையாகப் பொருதுகின்றன. இது முரண் போலத் தோன்றும். ஆயினும் முரண் அன்று. கூட்டத்திலே பிறந்து கூட்டத்திலே வளரும் விலங்குகளிடையே முதன்மை யாருக்கு, அடுத்த இடம் யாருக்கு என்னும் வரிசை ஒன்று உண்டு. அவ்வரிசை குலையுங் காலத்திலே பூசல் மூளுகின்றது. அத்தகைய விலங்குகளை மனிதன் கொணர்ந்து ஓரிடத்தில் வைத்து வளர்க்கும்போது அவனுக்கு இரண்டு கடமைகள் நேருகின்றன. ஒன்று, அவை ஒன்றையொன்று மாய்த்துவிடாமற் பிரித்து வைத்தல். மற்றொன்று, பிரித்து வைக்கப்பட்ட விலங்கு தனிமையால் நலியாமற் காத்தல். முன்னதற்குச் சங்கிலியும் சுவரும் போதும். பின்னதற்கு அறிவும் பொறுமையும் வேண்டும்.

இவ்வுண்மையை மிகச் சிறிய விலங்கொன்றினிடத்தும் காணலாம். தென் அமெரிக்காவிலே, சில்லி நாட்டிலே, தேகு என்னும் கொறிவிலங்கு ஒன்று வாழ்கின்றது. எலியினும் சற்றுப் பருத்தது. வால் நுனியிலே குஞ்சம் போன்ற மயிர் உடையது. வளை தோண்டிக் குடும்பமாக வாழ்வது. மேல்நாடுகளிலே இதனைச் செல்லப்பிராணியாக வளர்ப்போர் உளர். ஒரே கூட்டில் நெடுநாள் இணங்கியிருந்த இரண்டு ஆண் தேகுகள் திடீரெனக் குருதி சிந்தப் பொருதுவதுண்டு. அப்போது, பழகிய வளர்ப்பாளர் அவற்றுள் ஒன்றைக் கண்காணாத அறைக்கு அகற்றிவிடுவதில்லை. கூட்டின் நடுவே கம்பிவலைத் தடுப்பு இடுவர். கடிக்க இயலாது, ஆயினும் ஒன்றன் குரலை மற்றொன்று கேட்கும், ஒன்றன் மணத்தை மற்றொன்று அறியும். ஒரு புறத்துப் படுக்கைப் புல்லை மறுபுறத்துக்கு மாற்றி வைத்து, அம்மணம் மறவாதிருக்கவும் செய்வர். பிரிவு உண்டு; தனிமை இல்லை.

உள்ளங்கையில் அடங்கும் தேகுவுக்குரிய இவ்விதி, நிலத்தில் வாழும் விலங்குகளிலே மிகப் பெரிய யானைக்கும் உரியது. அதனை ஆராய்தற்குக் கண்டி மாநகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் விடத் தகுந்த இடம் இலங்கையில் வேறில்லை.

கண்டிக்கும் யானைக்கும் உள்ள தொடர்பு பழமையானது. கண்டி அரசர் காலத்திலே அரசனுடைய யானைகளைப் பேணுதற்கெனக் கஜநாயக்க நிலமே என்னும் அதிகாரி ஒருவர் இருந்தார். 1815ஆம் ஆண்டில் அரசு வீழ்ந்தது. ஆனால் யானை வளர்க்கும் மரபு வீழவில்லை. ஆண்டுதோறும் எசல மாதத்திலே தலதா மாளிகையின் பெரஹராவும், அதனோடு நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்கள் நான்கின் பெரஹராக்களும் வீதி வலம் வருகின்றன. புனிதப் பேழையைத் தாங்கிச் செல்லும் பெருமை கொம்பன் யானைக்கே உரியது. இலங்கையிலோ ஆண் யானைகளுள்ளும் தந்தமுடையவை நூற்றுக்குப் பத்துக்கும் குறைவானவையே. ஆதலின், ஒரு கொம்பன் மற்றொன்றைக் குத்திப் புண்படுத்துமாயின் அவ்விழப்பு எளிதில் ஈடுசெய்யக் கூடியதன்று. பல பத்தாண்டுகள் பேழையைச் சுமந்த ராஜா என்னும் யானை 1986இல் தேசியச் செல்வமாக அறிவிக்கப்பெற்றது. 1988இல் அது இறந்தபின் அதன் உடல் பதப்படுத்தப்பட்டு, மாளிகை வளவிலே காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கின்றது. பின்னர் அப்பணியைச் செய்த நெடுங்கமுவ ராஜா 2022இல் இறந்தது. இத்தகைய யானைகள் எத்துணை அரியவை என்பதற்கு இவை சான்று.

இனி, களிறுகள் பொருதுவது எதனால் என்று பார்ப்போம். முதற் காரணம் மதம். ஏறத்தாழ இருபது வயதை ஒட்டி ஆண் யானைக்கு மதம் பிடிக்கத் தொடங்கும். பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறை வரும். சில வாரம் முதல் இரண்டு மூன்று மாதம் வரை நீடிக்கும். கண்ணுக்கும் காதுக்கும் இடையேயுள்ள சுரப்பி வீங்கி, அதிலிருந்து நீர் வழிந்து கன்னத்திலே கறை படியும். சிறுநீர் சொட்டுச் சொட்டாக ஓயாது ஒழுகும். ஆண்மைக்குரிய சுரப்புநீர் குருதியிலே பல மடங்கு பெருகும். உணவில் நாட்டம் குறையும். பாகன் சொல் செவியில் ஏறாது.

தமிழ் முன்னோர் இதனை நன்கு கண்டிருந்தனர். கன்னமதம், கைம்மதம், கோசமதம் என மும்மதம் வகுத்தனர். அவற்றுள் கன்னத்து நீரும் கோசத்து ஒழுக்கும் இன்றைய மருத்துவர் கூறும் அறிகுறிகளே. மதநீரை வண்டு மொய்ப்பதாகப் பழம்புலவர் பாடியதும் வெறுங் கற்பனை அன்று. இளங்களிற்றின் மதநீரிலே தேன்மணம் தரும் பொருள்கள் உண்டென்றும், முதிர்ந்த களிற்றின் மதநீரே கடுநாற்றம் உடையதென்றும் 2002ஆம் ஆண்டில் வெளியான இரசாயன ஆய்வொன்று காட்டிற்று. இம்மணம் மற்ற யானைகளுக்கு ஒரு செய்தி. இளையவன் இன்னும் போட்டிக்கு வரவில்லை என்று தேன்மணம் சொல்லும். முதிர்ந்தவன் வருகின்றான், விலகுக என்று கடுநாற்றம் சொல்லும்.

விலகுக என்னும் இச்சொல்லிலேதான் முழு விடயமும் அடங்கியிருக்கின்றது. காட்டிலே மதங்கொண்ட களிறு வரும் வழியிலிருந்து ஏனைய களிறுகள் பெரும்பாலும் ஒதுங்கிக்கொள்கின்றன. உயிர் போகும் அளவுக்குப் போர் நடப்பது அரிது. ஏனெனில், தோற்றவனுக்கு ஓடுதற்குக் காடு இருக்கின்றது. கட்டி வைக்கப்பட்ட யானைக்கு ஓடும் வழி இல்லை. கூட்டில் அடைபட்ட தேகுவுக்கும் இல்லை. பணிந்து விலக விரும்பும் விலங்கும் விலக இயலாமல் எதிரியின் முன்னே நிற்க நேரிடுகின்றது. வென்றதும் எதிரி தன்னை அவமதித்து நிற்பதாகவே கொள்கின்றது. வளர்ப்பு விலங்குகளின் போர் கொடிதாவதற்கு அவற்றின் கொடுமை மட்டும் காரணமன்று, இடமின்மையும் காரணமாகும். ஆகவே தடுப்பு என்பது தண்டனை அன்று. காடு கொடுத்திருக்கக்கூடிய தூரத்தை மனிதன் ஈடுசெய்து கொடுப்பதே தடுப்பாகும்.

அத்தூரம் எவ்வளவு? பின்காலிற் பிணிக்கப்பட்ட யானையின் எட்டுக்கு மூன்று அளவுகள் உண்டு. சங்கிலியின் நீளம், உடலின் நீளம், நீட்டிய துதிக்கையின் நீளம் ஆகிய மூன்றையும் கூட்டவேண்டும். இரண்டு யானைகள் அடுத்தடுத்து நிற்குமாயின் அத்தொகையை இரட்டிப்பாக்கி, அதற்கு மேலும் இடைவெளி விடவேண்டும். அங்ஙனம் விட்டாலும் போதாது. மதங்கொண்ட யானை கல்லையும் கிளையையும் எடுத்து வீச வல்லது. ஆதலின் மரச்செறிவோ, மேடோ, உறுதியான வேலியோ நடுவே மறைவாக இருத்தல் நன்று. பகைவனான மற்றொரு களிற்றைக் கண்ணெதிரே கட்டுதல் ஒருபோதும் ஆகாது.

மதகாலத்திலே யானை நிற்கும் இடமும் கருதத்தக்கது. சீமெந்துத் தரையிலே வாரக்கணக்காக நிற்கும் யானைக்குப் பாதம் வெடித்துச் சீழ் கொள்ளும்; மண் தரையே ஏற்றது. நிழல் வேண்டும், மழைநீர் தேங்காத சரிவு வேண்டும். கண்டிப் பகுதியிலே கித்துள், தென்னை, பலா ஆகியவற்றின் ஓலையும் தழையும் யானைக்கு உணவாகின்றன. வளர்ந்த யானை ஒரு நாளைக்கு 150 கிலோகிராமுக்கு மேல் உண்ணும். மதகாலத்திலே ஊட்டம் மிக்க தீனியைக் குறைத்து, தழையைத் தொலைவிலிருந்து தள்ளிவிடுவர். நீர் மட்டும் குறையலாகாது. சங்கிலி ஒரே காலில் நெடுநாள் கிடந்தால் தோல் உரிந்து புண்ணாகும். மதகாலத்திலோ அருகே சென்று மருந்திடவும் இயலாது. எனவே மதம் முற்றுமுன், கன்னம் வீங்கத் தொடங்கும்போதே, காலையும் பிணிப்பையும் பார்த்துச் சீர்செய்தல் அறிவுடைமை.

மகாவலி கங்கையிலே, கட்டுகஸ்தோட்டைப் பக்கத்தில், யானைகள் படுத்து நீராடியதைக் கண்ட நேயர் பலர் இருப்பர். மதங்கொண்ட களிற்றை அங்ஙனம் பொதுத்துறைக்கு இட்டுச் செல்லல் ஆகாது. குழாய் மூலம் தொலைவிலிருந்தே நீர் பாய்ச்ச வேண்டும். விழாவுக்கும் இஃது ஒக்கும். மதம் நாட்காட்டியைப் பார்த்து வருவதில்லை. எசல மாதத்திலும் வரலாம். எத்துணைச் சிறந்த கொம்பனாயினும் அவ்வாண்டு அது வீதியில் நடத்தலாகாது. விழாவின் பொலிவைக் கருதி இவ்விதியைத் தளர்த்துவோர், யானையின் உயிரையும் பாகனின் உயிரையும் மக்களின் உயிரையும் ஒருங்கே பணயம் வைப்போராவர்.

இதுகாறும் கூறியவை பிரித்தலைப் பற்றியவை. இனித் தனிமையைப் பற்றிக் கூறவேண்டும்.

யானைகளின் பேச்சிலே பெரும்பகுதி மனிதன் செவிக்குக் கேளாதது. 1984ஆம் ஆண்டில் கேட்டி பெயின் என்னும் அமெரிக்க ஆய்வாளர் போர்ட்லாந்து நகரத்து விலங்குக்காட்சிச்சாலையிலே ஆசிய யானைகளின் அருகே நின்றபோது, காற்றிலே ஓர் அதிர்வை உணர்ந்தார்; ஒலி எதுவும் கேட்கவில்லை. பின்னர் ஒலிப்பதிவை விரைவாக ஓட்டிக் கேட்டபோது உண்மை வெளிப்பட்டது. வெவ்வேறு கொட்டில்களில் இருந்த ஆண் யானையும் பெண் யானையும் இடையே நின்ற கொங்கிறீற்றுச் சுவரையும் ஊடுருவி உரையாடிக் கொண்டிருந்தன. தாழ்ந்த அவ்வொலி நெடுந்தூரம் செல்ல வல்லது. ஆகவே பிரித்து வைத்த களிற்றுக்கு அறிமுகமான பிடிகளின் குரல் எட்டும் இடத்திலே தங்குமிடம் அமைப்பது, தேகுவின் கூட்டிலே கம்பிவலை இடுவதை ஒத்தது. கண்ணுக்கு மறைவு, செவிக்கு உறவு.

கண்டியிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவிலே, றம்புக்கனைக்கு அருகே, 1975இல் நிறுவப்பட்ட பின்னவலை யானைகள் சரணாலயம் இருக்கின்றது. தாயை இழந்த குட்டிகளுக்கென அமைக்கப்பட்ட அவ்விடத்திலே பிடிகளும் கன்றுகளும் மந்தையாக வாழ்கின்றன. மாஓயாவிலே ஒன்றாக நீராடுகின்றன. வளர்ந்த களிறுகள் மதகாலத்திலே புறம்பாகக் கட்டப்படுகின்றன. மதம் தணிந்தபின் அவற்றுக்கு மந்தை அருகிலேயே இருக்கின்றது. அங்கே 1984இல் முதற் கன்று பிறந்தது. பிரிவு தற்காலிகமாகவும் கூட்டம் நிலையாகவும் இருந்தாலன்றி இஃது இயலாது. தனியார் வளவிலே ஒற்றையாய் நிற்கும் யானைக்கு நிலை வேறு. கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியிலே இலங்கையில் பல நூறு வளர்ப்பு யானைகள் இருந்தன. இன்று அத்தொகை மிகவும் சுருங்கிவிட்டது. அயலூரிலே மற்றொரு யானை இல்லாத நிலையில், மதம் தணிந்த களிறும் தனியே நிற்கின்றது. அதற்கு மதகாலத்துச் சங்கிலி ஒருபோதும் முற்றாக அவிழ்வதில்லை எனலாம்.

மூத்தோர் கூட்டுறவு இல்லாத களிறு எவ்வாறு மாறும் என்பதற்குத் தென் ஆபிரிக்காவிலிருந்து ஒரு சான்று உண்டு. குறூகர் வனத்திலிருந்து அநாதையான இளம் யானைகள் பிலானெஸ்பர்க் என்னும் வனத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டன. மூத்த களிறுகள் அங்கே இல்லை. இளங்களிறுகளுக்கு உரிய வயதுக்கு முன்னரே மதம் பிடித்தது. அது நீண்ட காலம் நிலைத்தது. 1992க்கும் 1997க்கும் இடையே அவை நாற்பதுக்கு மேற்பட்ட காண்டாமிருகங்களைக் கொன்றன. 1998இல் முதிர்ந்த களிறுகள் ஆறு அங்கே விடப்பட்டன. இளையவற்றின் மதகாலம் குறுகியது, கொலையும் ஓய்ந்தது. அவற்றைச் சங்கிலி அடக்கவில்லை. தம்மினும் வலிய மூத்தோர் அருகிருந்தமையே அடக்கிற்று. ஆண் யானைகள் ஒன்றுக்கொன்று பகை மட்டுமல்ல, பாடமும் ஆகும் என்பது இதனாற் பெறப்படும்.

இலங்கையிலே 2021ஆம் ஆண்டில் வளர்ப்பு யானைகளின் நலன் கருதி ஒழுங்குவிதிகள் வெளியிடப்பட்டன. நாள்தோறும் இரண்டரை மணி நேரம் நீராட்டல், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவச் சோதனை, பணியிலே பாகன் மது அருந்தாமை, கன்றைத் தாயினின்று பிரிக்காமை என்பன அவற்றுட் சில. இவற்றுள் இறுதியானது நம் பொருளுக்கு மிகவும் நெருங்கியது. கன்றுப் பருவத்திலே தாயிடமும் கூட்டத்திடமும் பணிவைக் கற்ற யானையே பின்னாளிலே பிறவற்றோடு இணங்கி வாழும்.

சுருங்கக் கூறின், போரிடும் விலங்குகளைப் பேணுவோர் மூன்றை மனங்கொள்ள வேண்டும். சண்டை மூண்டபின் அன்று, அறிகுறி தோன்றியபோதே பிரித்தல் வேண்டும். பிரிக்கும்போது உடலைப் பிரிக்கலாம். குரலையும் மணத்தையும் உறவையும் அறுத்தல் ஆகாது. பிரித்ததற்கான காரணம் நீங்கியதும் பிரிவும் நீங்கவேண்டும். இம்மூன்றையும் செய்ய இயலாதவருக்குக் களிறு வளர்க்கும் தகுதி இல்லை. ஒரு தேகு வளர்க்கும் தகுதியும் இல்லை.