முன்பாரம், பின்பாரம்

சுமையும் சாலையும் – 7

நவரை அறுவடை நாட்களில் ஏனாத்தூர்ப் பக்கம் போனால், நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர்கள் கொள்முதல் நிலையத்தை நோக்கி ஊர்ந்துகொண்டிருக்கும். “அம்பது எச்.பி. வண்டி, நூத்தம்பது மூட்டையை அசால்ட்டா இழுக்கும்” என்பார்கள். இழுக்கும்தான். நிறுத்துமா?

கணக்குப் போடுவோம். கொள்முதல் நிலைய மூட்டை 40 கிலோ. 150 மூட்டை 6 டன். டிரெய்லரின் இரும்பு ஒன்றரை டன் என்று வைத்தால், இரண்டு டன் டிராக்டருக்குப் பின்னால் ஏழரை டன். களத்தில் கட்டிய நெல் ஈரமாக இருந்தால் இன்னும் கூடும். நம் டிராக்டர்கள் பெரும்பாலானவற்றில் பிரேக் பின்சக்கரங்களுக்கு மட்டும். டிரெய்லரில் பல நேரம் பிரேக்கே கிடையாது. ஏரிக்கரை இறக்கத்தில் மிதித்தால், பின்னாலுள்ள பாரம் முன்வண்டியை நெட்டித் தள்ளும். டிரெய்லர் பக்கவாட்டில் மடங்கிக்கொண்டு வரும்.

எவ்வளவு ஏற்றுகிறோம் என்பதோடு எங்கே ஏற்றுகிறோம் என்பதும் முக்கியம். மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இது தெரியும். முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலெழும்பி, பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும். மூட்டையை முன்னும் பின்னும் நகர்த்திச் சமன் பார்த்த பிறகே வண்டியைக் கிளப்புவார்கள்.

இரண்டு சக்கர டிரெய்லரும் அதே வண்டிதான். முன்பாரம் அளவு மீறினால் டிராக்டரின் முன்சக்கரம் லேசாகி, திருப்பினால் திரும்பாது. மேட்டில் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். பின்பாரம் கூடினால் கொக்கி மேலெழும்பி, பின்சக்கரம் பிடிப்பை இழக்கும், டிரெய்லர் வாலாட்டும்.

பிக்கப் வண்டியில் டிரெய்லர் மாட்டுவது சாதாரணமான அமெரிக்காவில், டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின்மேல் விழ வேண்டும் என்பார்கள். 3 டன் டிரெய்லர் என்றால் 300 முதல் 450 கிலோ. பிக்கப் சுமக்கக்கூடிய பாரத்தில் இதையும் கழித்துக்கொள்ள வேண்டும். 2005-இல் வந்த நம் ‘குட்டியானை’ சரக்கு வண்டி ஏற்றக்கூடிய மொத்தச் சுமையே 750 கிலோ என்பதை நினைத்தால், கொக்கியில் விழும் எடையின் அளவு விளங்கும்.

ஆகவே எச்.பி.யை மட்டும் நம்பாதீர்கள். ஆர்.சி.யில் வெற்று எடையும் பாரத்தோடு எடையும் இருக்கின்றன, ஏற்றுமுன் பாருங்கள். ஒருமுறையாவது எடை மேடையில் ஏற்றிப் பாருங்கள். 2019 சட்டத் திருத்தப்படி, அதிகபாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். மிகும் ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000.

டீசல் விலையும் வண்டி வாடகையும் கொள்முதல் நிலையக் காத்திருப்பும் விவசாயியை ஒரே நடையில் முடிக்கத் தூண்டுகின்றன. அந்த நெருக்கடி எனக்குப் புரிகிறது. ஆனாலும் இரண்டு நடையாகப் போங்கள். பாரம் தாங்காத மாடு நுரை தள்ளி நின்றுவிடும். டிராக்டர் நிற்காது, இழுத்துக்கொண்டே போகும். அதன் கழுத்துக்காகவும் நாம்தான் யோசிக்க வேண்டும்.

அடுத்த வாரம்: அச்சின் பாரம் இரட்டித்தால் சாலைக்குச் சேதம் ஏன் பதினாறு மடங்கு?

(தொடரும்)