விளம்பரமும் நம்பகமும்: நகரியச் சபைகளை முன்வைத்துச் சில சிந்தனைகள்

நெய்வேலி நகரியத்தில் ஊழியம் செய்யும் போதகர், தம் சபையாரின் வாழ்வில் பணி ஓய்வு நாள் எத்தகைய திருப்புமுனை என்பதை நன்கு அறிவார். 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றிய காலந்தொட்டு, வட்டங்களாக வகுக்கப்பட்ட அந்நகரில் ஊழியர் குடும்பங்கள் நிறுவனக் குடியிருப்புகளிலேயே வாழ்ந்து வந்துள்ளன. ஓய்வு பெறுவோர் கையில் வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையும் ஒருசேர வந்து சேர்கின்றன. குடியிருந்த வீட்டையோ விட்டுவிட வேண்டியதாகிறது. கையில் பெருந்தொகை, நெஞ்சில் கூரையைப் பற்றிய கவலை. வீட்டுமனை விற்போரும் முதலீடு திரட்டுவோரும் நாடுவது இம்மனநிலையையே. அவர்தம் விளம்பரங்கள் மனத்தை எங்ஙனம் வசப்படுத்துகின்றன என்பதை நாம் ஆராய்வது வீண் வேலையன்று.

இணங்க வைக்கும் கலையை ஆராய்ந்த அரிஸ்டாட்டில், பேசுவோன்மீது எழும் நம்பகம், கேட்போரின் உள்ளத்தில் எழும் உணர்ச்சி, வாதத்தின் வலிமை என மூன்று வழிகளைக் கூறினார். முப்பது நொடி விளம்பரத்தில் மூன்றாவதற்கு இடம் குறைவு. ஆகவே முதலிரண்டுமே பெரும்பாலும் ஆட்சி செய்கின்றன. (அகஸ்தீன் மிலான் நகரில் இக்கலையைக் கற்பித்தவர், பின்னர் அதைச் சொற்களை விற்கும் தொழில் என்றே கருதி விலகினார்.)

தூர்தர்ஷனில் 1976-இல் வணிக விளம்பரங்கள் தொடங்கின. அடுத்து வந்த ஆண்டுகளில் இரு சலவைத்தூள்கள் நடத்திய போட்டி நமக்கு நல்ல பாடமாகும். நிர்மா, வெண்ணிற உடையில் சுழலும் சிறுமியையும் எளிதில் நாவில் தங்கும் பாட்டையும் கொண்டு மகிழ்ச்சியை எழுப்பியது. அதன் குறைந்த விலையை எதிர்கொள்ள வேண்டியிருந்த சர்ஃப், லலிதாஜி என்னும் சிக்கனமும் கண்டிப்பும் உள்ள இல்லத்தரசியை முன்னிறுத்தியது. அரைக் கிலோ சர்ஃப் ஒரு கிலோ மலிவுத்தூளுக்கு ஈடு என்று அவர் கணக்குச் சொல்வார். மேலெழுந்தவாரியாக அது வாதமே. ஆயினும் அக்கணக்கை வீட்டில் எவர் சோதித்துப் பார்த்தார்? ஏமாறாத பெண்மணி ஒருவர் சொல்கிறார் என்பதாலேயே அது ஏற்கப்பட்டது. அப்பெண்மணியோ, கவிதா சௌத்ரி என்னும் நடிகை ஏற்ற பாத்திரம்.

இங்கேதான் விளம்பரத்தின் நுட்பம் புலப்படுகிறது. ஒரு துறையில் ஈட்டிய நம்பகம் தொடர்பற்ற வேறொரு துறைக்கு இரவலாகக் கொண்டு செல்லப்படுகிறது. நடிகர் பிரபு தோன்றிய கல்யாண் ஜுவல்லர்ஸ் விளம்பரங்களில் ‘நம்பிக்கை, அதானே எல்லாம்’ என்ற வாசகம் ஒலித்தது. விசுவாசம், அன்பு ஆகியவற்றோடு நாம் சேர்த்துச் சொல்லும் சொல் அங்கே கடையின் அடையாளமாகிவிட்டது! திரையில் கண்ட நற்பண்பு பொன்னின் மாற்றுக்குச் சான்றாகாது. மாற்றை அறிய ஹால்மார்க் முத்திரை உண்டு.

இரவல் நம்பகம் யாவும் பொய் என்று நாம் கூறவில்லை. ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் சின்னத்தில் இரு கரங்கள் சுடரைக் காக்கின்றன. கீழே பகவத் கீதையின் வரியொன்று பொறிக்கப்பட்டுள்ளது. மறைநூலின் மதிப்பையே அது துணைக்கு அழைக்கிறது. எனினும் அதன் பாலிசித் தொகைகளுக்கு 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்திய அரசின் உத்தரவாதம் உண்டு. படத்துக்குப் பின்னால் பொருள் இருக்கிறதா என்பதே கேள்வி.

1990-களின் தேக்குமரத் திட்டங்களில் பலவற்றுக்குப் பின்னால் பொருள் இருக்கவில்லை. இன்று சிறு தொகை, பிள்ளையின் திருமண வயதில் பெருஞ்செல்வம் என்று அவை பெற்றோரின் பாசத்தைத் தொட்டன. பெரிய நாளிதழ்களில் வெளிவந்ததாலேயே நம்பகமும் பெற்றன. அனுபவ் பிளாண்டேஷன்ஸ் 1998-இல் நிலைகுலைந்தபோது எண்ணற்றோர் சேமிப்பை இழந்தனர். நிதி நிறுவனங்களின் வீழ்ச்சியை முன்னிட்டு முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டத்தைத் தமிழ்நாடு 1997-இலேயே இயற்றியிருந்தது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ, தவறான விளம்பரத்துக்குப் பரிந்துரை அளிப்பவருக்கும் பத்து இலட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. உண்மையைத் தக்கவாறு விசாரித்த பின்னரே பரிந்துரைத்தவருக்கு விலக்கு உண்டு.

பரிந்துரை அளிப்பவர் என்றதும் நடிகரையே நாம் நினைக்கிறோம். ஆராதனை முடிவில் இரண்டு நிமிடம் பேச அனுமதி கேட்கும் முகவரையும், சபை நாட்காட்டிக்கும் கன்வென்ஷன் மலருக்கும் நன்கொடையோடு விளம்பரம் தரும் மனை வணிகரையும் எண்ணிப் பார்ப்போம். அவர்கள் வாங்குவது நாட்காட்டியின் தாளையன்று. துக்க வீட்டிலும் நோய்ப் படுக்கையருகிலும் போதகர் ஆண்டுக்கணக்கில் ஈட்டிய நம்பகத்தையே. அறிவிப்பைப் படிப்பவர் போதகராயின், விளம்பரத்தைக் கேட்கும் விதவைத் தாய் அதைப் பிரசங்கத்தின் தொடர்ச்சியாகவே கொள்வார். ‘ஐயரே சொன்னார்’ என்பதற்கு மேல் அவருக்குச் சான்று வேண்டியதில்லை.

இத்தகைய வேண்டுகோள்களை ஏற்காதிருப்பதே நம் கருத்தில் முறையானது. ஆலோசனை நாடி வரும் சபையாரிடம் போதகர் இரண்டு கேள்விகள் கேட்கலாம். வைப்புத்தொகை வாங்கும் நிறுவனத்துக்கு அதற்கான அனுமதி உண்டா? ரிசர்வ் வங்கியின் ‘சசேத்’ இணையதளத்தில் அதைப் பார்க்கலாம். மனைப்பிரிவின் விளம்பரத்தில் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண் அச்சிடப்பட்டுள்ளதா? பதிவுக்குரிய மனைப்பிரிவுகளுக்கு 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியுள்ளது. எண் இல்லாத துண்டுப்பிரசுரத்தில் எத்துணை அழகிய வீட்டின் படம் இருப்பினும், முன்பணம் கொடுக்கும் முன் அதை ஆணையத்தின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லலாம்.