ஒரு ஸ்வரத்தின் வழக்கு

சென்ற வாரம் பொத்தேரிக்கு ஓர் அலுவலாகச் சென்று திரும்புகையில், தாம்பரம் செல்லும் மின்சார வண்டிக்காக அவ்வூர் ரயில்வே ஸ்டேஷனில் சிறிது நேரம் காத்திருக்க நேர்ந்தது. நாம் அமர்ந்திருந்த பலகையின் மறுகோடியில், அருகிலுள்ள சர்வகலாசாலையில் படிக்கும் வாலிபர் இருவர் உட்கார்ந்திருந்தனர். ஒருவர் மடியில் கிதார் வாத்தியம். மற்றவர் மெல்லிய குரலில் தோடி ராகத்தை இழுத்துக்கொண்டிருந்தார். நல்ல சாரீரம். கிதார்க்காரர் தம் கைபேசியை நண்பரின் வாயருகே நீட்டினார். ஸ்வரத்தை அளந்து காட்டும் கருவி ஒன்று அதில் உண்டாம். காந்தாரம் வந்தபோதெல்லாம் அதிலுள்ள முள் இப்புறமும் அப்புறமும் ஆடிச் சிவப்பு நிறம் காட்டிற்று. “மச்சான், உன் நோட் எங்கேயும் நிற்கவே இல்லையே. இது தப்பு” என்றார் அவர். பாடியவர் முகம் வாடிற்று. “அம்மா இப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க” என்று கூறி, பாட்டை நிறுத்திவிட்டார்.

இதனை அற்பச் செய்தி என்று நேயர்கள் எண்ணலாம். நாம் அவ்வாறு எண்ணவில்லை. தாயிடம் கற்ற ஒரு வித்தையைக் கருவி காட்டிய சிவப்பு நிறத்தைக் கண்டு ஒருவர் நாவிலேயே அடக்கிக்கொண்டார். கருவி கூறிய தீர்ப்பு எந்தச் சட்டத்தின்படி கூறப்பட்டது என்று அவ்விருவரில் ஒருவரும் கேட்கவில்லை. நம் நாட்டில் மேனாட்டு சங்கீத சாஸ்திரத்தை அளவுகோலாகக் கொண்டாடுவோர் உண்டு. அதனை வெறும் பாண்டுச் சத்தமென்று இகழ்வோரும் உண்டு. அந்த சாஸ்திரத்தில் ஒரே ஒரு ‘நோட்’ என்றால் யாது என்று இரு திறத்தாரும் விசாரித்ததாகத் தெரியவில்லை. ஆதலின் அதனை இங்கே விசாரிக்கப் புகுகின்றோம்.

முதலாவது, நோட் என்பது ஓர் ஒலி. ஒரு தந்தி வினாடிக்கு 440 முறை அதிர்ந்தால் எழும் ஒலிக்கு மேனாட்டார் ‘ஏ’ என்று பெயரிட்டுள்ளனர். ‘ஏ’ முதல் ‘ஜி’ வரையிலான ஏழு எழுத்துக்களும், இடையிலுள்ள ஐந்து அரைப்படிகளும் சேர்ந்து ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு இடங்கள். இந்த 440 என்னும் எண் ஏதோ பிரகிருதியின் கட்டளை என்று கருதுவோர் பலர். அது முற்றிலும் பிசகு. ஜெர்மனியில் பிறந்து லண்டனில் வாழ்ந்த ஹாண்டல் என்னும் சங்கீத மேதையினுடையதென்று பாதுகாக்கப்படும் சுருதிக் கவையில் ‘ஏ’ சுமார் 422 அதிர்வுதான். 1859-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசாங்கம் அதனை 435 என்று சட்டமாகவே விதித்தது. 1939-இல் லண்டனில் பல நாட்டார் கூடிப் பேசி 440 என்றனர். 1955-இல் சர்வதேச நிர்ணய ஸ்தாபனம் அதனை ஏற்றது. ஆக, நேற்று நியாயமாயிருந்த ஸ்வரம் இன்று அபஸ்வரமாயிற்று. மகாநாட்டுத் தீர்மானத்தைப் பிரம்மலிபி என்று கொள்ளலாகாது.

இரண்டாவது, நோட் என்பது ஓர் எழுத்து. ஐந்து கோடுகளின் மீதோ இடையிலோ அது அமரும் இடம் ஒலியின் உயரத்தையும், அதன் உருவம் ஒலி நிற்க வேண்டிய காலத்தையும் காட்டும். இது பற்றி அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. மூன்றாவது அம்சமே முக்கியமானது. சங்கீதம் பயில்வோரில் பலர் இடறி விழுவதும் அங்கேதான்.

பியானோவில் ‘சி’ என்னும் வெள்ளைக் கட்டைக்கும் ‘டி’ என்னும் வெள்ளைக் கட்டைக்கும் நடுவே ஒரு கறுப்புக் கட்டை இருக்கிறது. அதன் பெயர் யாது? ‘சி ஷார்ப்’ என்பார் ஒருவர். ‘டி பிளாட்’ என்பார் மற்றொருவர். ஒரே கட்டை, ஒரே ஒலி, இரண்டு பெயர். வக்கீல் தொழில் செய்வோருக்கு இதில் வியப்பில்லை. ஒரு மனையைக் கிழக்கு வீட்டுக்காரரின் பத்திரம் ‘எமக்கு மேற்கே உள்ள மனை’ என்னும். மேற்கு வீட்டுக்காரரின் பத்திரம் ‘எமக்குக் கிழக்கே உள்ள மனை’ என்னும். மண் ஒன்றுதான், எவருடைய எல்லையாக அதனைக் கூறுகிறோம் என்பதே வேறு. ‘சி’யிலிருந்து உயர்ந்து ‘டி’யை நாடி நிற்கையில் அது ஷார்ப், ‘டி’யினின்று இறங்கி ‘சி’யை நோக்கி நிற்கையில் அது பிளாட். தன்னந்தனியே ஒலிக்கும் நோட்டுக்கு இவ்விரண்டில் எப்பெயர் என்று எந்த மேனாட்டுப் புலவராலும் சொல்ல இயலாது. முன்னும் பின்னும் வருவன யாவை, ஆதாரம் எது என்று தெரிந்த பிறகே அதன் பெயர் புலப்படும். எனவே, அவர்களுடைய சாஸ்திரப்படியேயும் நோட் என்பது வெறும் அதிர்வெண் அன்று. அஃது ஓர் உறவு.

இந்த நுட்பம் நமக்குப் புதிதா? அன்று. பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சை நாயக்கர் ஆதரவில் வேங்கடமகி ‘சதுர்தண்டி பிரகாசிகை’ இயற்றி 72 மேளங்களை வகுத்தபோது, பன்னிரண்டு ஸ்தானங்களுக்குப் பதினாறு பெயர்கள் என்னும் ஏற்பாடே அதற்கு அடிப்படை. கனகாங்கியில் சுத்த காந்தாரம் என்று நிற்கும் ஸ்தானமே கரஹரப்பிரியாவில் சதுச்ருதி ரிஷபமாகிறது. அந்தக் கரஹரப்பிரியாவின் சாதாரண காந்தாரம், சலநாட்டையில் ஷட்ச்ருதி ரிஷபமாகப் பெயர் மாறி நிற்கும். அண்டை வீட்டார் யார் என்பதைக் கொண்டு பெயர். இரு நாட்டாரும் ஒருவரை ஒருவர் கேளாமல் ஒரே முடிவுக்கு வந்தது நமக்குப் பெரு மகிழ்ச்சி தருகிறது.

மேனாட்டு நோட்டை நாம் எவ்வளவு தூரம் வீட்டிற்குள்ளேயே வைத்துக்கொண்டிருக்கிறோம் என்பதற்கும் ஒரு சாட்சி உண்டு. நம் பாகவதர்கள் தம் சுருதியை ‘ஒரு கட்டை’, ‘ஐந்து கட்டை’ என்று சொல்லுகின்றனரே, அந்தக் கட்டை யாது? ஹார்மோனியத்தின் கட்டையன்றோ? ஒரு கட்டை என்பது ‘சி’. ஐந்து என்பது ‘ஜி’. ஆறு என்பது ‘ஏ’. அரைக் கட்டைகள் கறுப்பு. ஹார்மோனியத்தைக் கண்டாலே முகஞ் சுளிக்கும் வித்வானும் அதன் கட்டையால்தான் தம் ஷட்ஜத்தை அளக்கிறார். எனினும், அளந்த பிறகு அந்த இடம் ‘சி’ ஆகவோ ‘ஜி’ ஆகவோ இருப்பதில்லை, ஷட்ஜமாகி விடுகிறது. இந்த வேற்றுமையைப் பொத்தேரிக் கைபேசி அறியாது.

இனி, ஒரு நோட்டின் உள்ளே புகுந்து பார்ப்போம். ஒற்றை ஸ்வரம் என்று நாம் கேட்பது உண்மையில் ஒற்றையன்று. வினாடிக்கு 220 முறை அதிரும் தந்தியில் 440, 660, 880, 1100 முதலிய அதிர்வுகளும் உடனெழுகின்றன. ஆதாரம் ஷட்ஜமாயின் 660 அதன் பஞ்சமம். 1100 அந்தர காந்தாரம். நன்கு சுருதி சேர்ந்த தம்பூராவில் எவரும் மீட்டாத காந்தாரம் தானே தோன்றி ஒலிப்பது இதனால்தான். திருச்சிராப்பள்ளியில் பிறந்த ஸர் சி. வி. ராமன், கல்கத்தாவில் இருந்தபோது தம்பூரா, வீணை இவற்றின் குதிரை வளைந்திருக்கும் விதமே அந்த நாதச் செழுமைக்குக் காரணம் என்று 1921-இல் எழுதினார். மிருதங்கத்தைப் பற்றி அதற்கு முந்திய ஆண்டே எழுதியிருந்தார். நம் தச்சர்களும் வித்வான்களும் காதினால் கண்டுபிடித்ததை அவர் கணிதத்தினால் எடுத்துக் காட்டினார்.

இங்கேதான் சச்சரவு பிறக்கிறது. இயற்கைப் பஞ்சமம் ஒன்றுக்கு ஒன்றரை என்னும் கணக்கு. ஒரு ஷட்ஜத்திலிருந்து பஞ்சமம், அந்தப் பஞ்சமத்திற்குப் பஞ்சமம் என்று பன்னிரண்டு முறை ஏறினால் ஏழாவது ஸ்தாயி ஷட்ஜத்தில் போய்ச் சேர வேண்டும். ஆனால் சேர்வதில்லை. சேர வேண்டிய இடம் 128 மடங்கு. போய் நிற்பதோ ஏறக்குறைய 129¾ மடங்கு. வட்டம் மூடவில்லை. மேனாட்டார் இந்த மிச்சத்தைப் பன்னிரண்டு படிகளுக்கும் சமமாகப் பங்கிட்டு விட்டனர். பாகப் பிரிவினையில் சிறு துண்டு நிலத்துக்காகச் சண்டையிடாமல் எல்லோரும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தது போன்றது அது. லாபம் யாதெனில், எந்தக் கட்டையையும் ஆதாரமாக வைத்து வாசிக்கலாம். நஷ்டம் யாதெனில், ஸ்தாயியைத் தவிர வேறொன்றும் முழு இயற்கையாய் இராது. 440 ஷட்ஜமாயின், தம்பூரா காட்டும் காந்தாரம் 550. பியானோவின் காந்தாரம் 554-க்குச் சற்று மேல். பஞ்சமத்தில் முக்கால் அதிர்வுக்கும் குறைந்த பேதம்தான். காந்தாரத்திலோ காது அறியும்.

ஹார்மோனியத்தின் மீது தொடரப்பட்ட வழக்கும் இதுவே. அகில இந்திய ரேடியோ 1940-இல் அதனை விலக்கி வைத்தது. 1971-க்குப் பிறகே தடை தளர்ந்தது. அந்நிய வாத்தியம் என்று தேசபக்தர் பலர் அத்தடையைப் போற்றினர். கவி ரவீந்திரரும் அக்கருவியை வெறுத்தவரே. ஆனால் ரேடியோவிலிருந்தே ஹார்மோனியத்திற்கு எதிராக வாதாடி எழுதியவர் ஜான் ஃபோல்ட்ஸ் என்னும் ஆங்கிலேயர் என்பதைப் பலர் மறந்து விட்டனர். மறுபுறம், ஸ்தாயியைச் சமமாகப் பங்கிடுவதே பழந்தமிழர் முறை என்று வாதாடியவர் எவர்? சாம்பவர் வடகரையில் பிறந்து தஞ்சையில் வைத்தியத் தொழில் புரிந்த ராவ் சாகிப் ஆபிரகாம் பண்டிதர். பிரெஞ்சுக்காரர் 435 என்று சட்டமியற்றிய அதே 1859-இல் பிறந்தவர் அவர். சங்கீத வித்யா மகாஜன சங்கத்தை நிறுவி, பல மகாநாடுகள் கூட்டி, 1916-இல் பரோடா சென்று, தம் புதல்வியரைக் கொண்டு தம் கொள்கையை மெய்ப்பிக்க முயன்று, மறு ஆண்டில் ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூலை வெளியிட்டார். இருபத்திரண்டு சுருதி என்னும் வழக்கை மறுத்து, ஸ்தாயிக்குப் பன்னிரண்டு, அதனை நுட்பமாக்கினால் இருபத்துநான்கு, எல்லாம் சம அளவு என்றார். ஆக, அந்நியக் கருவியை ஆங்கிலேயர் கண்டித்தார். அதன் கணக்கைத் தமிழர் ஆதரித்தார்! கொடியின் நிறத்தைப் பார்த்துக் கட்சி சேருவோர்க்கு இந்த வழக்கு மிகவும் சங்கடமானது.

நம் அபிப்பிராயம் யாதெனில், ஆதாரத்தை மாற்றி மாற்றி வைத்தாலும் வட்டம் மூட வேண்டுமானால் சமபங்கீடு வேண்டும் என்னும் அளவில் பண்டிதர் கணக்கு அசைக்க முடியாதது. ஆனால் வித்வானுடைய கண்டம் கணக்குப் பிள்ளையின் கணக்குக்கும் கட்டுப்படவில்லை. தம்பூராவின் கணக்குக்கும் முழுதும் கட்டுப்படவில்லை. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்கும் புள்ளியன்று. அது ரிஷபத்தின் பக்கமிருந்து மத்தியமத்தின் பக்கம் அசைந்து மீளுகிற ஓர் இயக்கம். அவ்வசைவை நிறுத்தி முள்ளுக்குப் பொருந்தப் பாடினால் கைபேசி பச்சை காட்டும்; கேட்பவர் தோடி எங்கே என்று வினவுவர். மேனாட்டிலும் பாடகரும் பிடில்காரரும் ஸ்வரத்தை அசைக்காமலில்லை; அங்கே அது பெரும்பாலும் அலங்காரம், இங்கே அதுவே ஸ்வரத்தின் உடல்.

நம் முன்னோர் இதனை நன்கு அறிந்தே கொள்வன கொண்டனர். முத்துசுவாமி தீக்ஷிதர் கம்பெனியாரின் பாண்டு மெட்டுக்களைக் கேட்டு அவற்றிற்கு ஸம்ஸ்கிருத சாகித்தியம் அமைத்தார். ஆங்கில ராஜகீதத்தின் மெட்டும் அவற்றில் ஒன்று. அவற்றுக்கு வழங்கும் பெயரே ‘நோட்டு ஸ்வரம்’. அசைவில்லாத நோட்டை அசைவில்லாமலே பாட வைத்து, அதற்கென்று தனி அறை கொடுத்தார்; தோடியை அந்த அறையில் பூட்டவில்லை. அவர் தம்பி பாலுசுவாமி தீக்ஷிதர் பிடிலை நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார். அதற்கு மெட்டுக்கள் இல்லை. விரல் எங்கும் வழுக்கிச் செல்லும். ஆகவே அது நம் வீட்டுப் பிள்ளையாயிற்று. ஹார்மோனியம் இன்னும் திண்ணையிலேயே இருக்கிறது.

இவற்றுள் ஒரு பகுதியைத்தான் பொத்தேரியில் அவ்விரு வாலிபரிடமும் நாம் சொல்ல முடிந்தது. கிதார்க்காரர் பொறுமையாகக் கேட்டார். பிறகு தம் வாத்தியத்தில் ஒரு தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து, நண்பர் பாடிய காந்தாரத்தைப் போல ஆட்டிப் பார்த்தார். கைபேசி அவருக்கும் சிவப்பையே காட்டிற்று. “இதுக்கும் தப்புன்னுதான் சொல்லுது, சார்” என்று சிரித்துவிட்டு, அதனைப் பைக்குள் போட்டார். மற்றவரை மறுபடியும் அந்த இடத்தைப் பாடும்படி கேட்டார், அவர் தயங்கினார், பிறகு ஆரம்பித்தார். அதற்குள் வண்டி வந்து விட்டது. ஏறிய பிறகும் இருவரும் ஒரு மூலையில் நின்று அதே காந்தாரத்தைத் தேடிக்கொண்டிருந்தனர். கூடுவாஞ்சேரியில் ஜனக்கூட்டம் ஏறிக்கொண்டது. பின்னர் நடந்தது நமக்குக் கேட்கவில்லை.