இறங்கியவன் ஏற வழியுண்டா?

பூவிருந்தவல்லியிலிருந்து ஆவடி வரையிலும் விளைநிலங்கள் மனைகளாகவும், மனைகள் அடுக்குமாடிகளாகவும் உருமாறிவரும் இந்நாளில், 2015 டிசம்பர் வெள்ளத்தை மறவாத ஜனங்கள் எந்தப் புதிய குடியிருப்பைப் பார்த்தாலும் மழைஜலம் எங்கே போகும் என்று முதலில் விசாரிப்பதும், அதற்கு விடையாக வரைபடத்தின் மூலையில் நீலவர்ணத்தில் ஒரு குளம் காட்டப்படுவதும் வழக்கமாகிவிட்டன. குளம் வேண்டும் என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அதன் கரையைப் பற்றித்தான் என் கவலையெல்லாம்.

அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்கும், அங்கிருந்து ரெட்டேரிக்கும் ஜலம் செல்லும்படி அமைந்த பழைய தொடரை இன்று வெள்ளத் தடுப்புக்காகவே புகழ்கிறோம். ஆனால் ஆழத்தையெல்லாம் கரையருகிலும் மதகடியிலும் ஒதுக்கிவிட்டு, கரைக்கு எதிரே உள்ள உள்வாய்ப் பக்கத்தைத் தரையோடு தரையாகத் தொடங்கி மெல்லத் தாழவிட்ட ஏரிகளின் அமைப்பில் ஒரு பெரிய தயவும் இருந்தது. மாடு மேய்க்கும் சிறுவன் முழங்காலளவு ஜலத்தில் இறங்கி, இடுப்பளவு வந்ததும் பயந்து, வந்த வழியே திரும்பிவிடுவான். சவுடு மண்ணுக்காக உள்வாயைத் தோண்டிய இடங்களில் அந்தத் தயவு போயிற்று. ஓரடி எடுத்து வைப்பதற்குள் ஆளை விழுங்கும் பள்ளங்கள் மழைக்காலத்தில் கலங்கிய நீருக்கடியில் ஒளிந்துகொண்டன.

இதன் உச்சத்தைக் காண மாங்காட்டுக்கு அப்பால் உள்ள சிக்கராயபுரம் கல்குவாரிகளுக்குப் போக வேண்டும். கல்லுடைத்துக் கைவிட்ட அந்தக் கிடங்குகளில் தேங்கிய நீரைத்தான் 2017 வறட்சியில் சுத்திகரித்துச் சென்னைக்கு அனுப்பினார்கள். பெருமழையின் உபரிநீரை அங்கே திருப்புவதும் நல்ல யோசனையே. ஆனால் பாறைச் சுவர் செங்குத்தாக இறங்கும் அந்த நீரில் குளிக்கப்போன இளைஞர்கள் உயிரோடு திரும்பாத செய்திகள் எத்தனையோ முறை பத்திரிகைகளில் வந்துவிட்டன. நீந்தத் தெரிந்தவனுக்கும் பிடித்து ஏற ஒரு விளிம்பு வேண்டுமல்லவா? புதிய குடியிருப்புகளில் சிமென்ட் சுவர்களை நேராக எழுப்பிக் கட்டும் குளங்களைப் பார்க்கையில், சிறிய அளவில் இதே கிடங்கைத்தான் விலைகொடுத்து நிர்மாணிக்கிறோமோ என்று தோன்றுகிறது.

கரையைச் சாய்த்தால் கொள்ளளவு எவ்வளவு குறையும் என்ற கணக்கு ஒன்றும் பிரமாதமானதன்று. சாலை நீங்கலாகப் பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பரப்பில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக ஒதுக்கித் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும் என்பது விதி. அந்த ஆயிரம் சதுர மீட்டர் முழுவதிலும் குளம் என்றே வைத்துக்கொள்வோம். ஐப்பசி கார்த்திகையில் ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் கொட்டுவது இப்பக்கத்தில் புதுமையன்று. அதில் ஒரு துளியும் மண்ணில் இறங்காமல் ஓடி வந்தாலும் ஆயிரம் கன மீட்டர்தான் சேரும். நேர்ச்சுவர்க் குளமானால் ஒரு மீட்டர் ஆழத்தில் அது அடங்கிவிடும். ஒரு மீட்டர் தாழ்வுக்கு நாலு மீட்டர் அகலம் என்று நாற்புறமும் கரையைச் சாய்த்தால் ஏறக்குறைய 770 கன மீட்டர் அடங்கும். மிச்சத்துக்கு 2003 முதல் வீடுதோறும் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்புக் குழிகள் இருக்கின்றன. அவற்றில் எத்தனை குழிகள் தூர்ந்துபோகாமல் உள்ளன என்பதை வாசகர்கள் தத்தம் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

நிலம் பொன்விலை விற்கும் ஊரில் சாய்கரை இடத்தைத் தின்றுவிடும் என்றும், ஆழமாகத் தோண்டி வேலி போட்டுப் பூட்டுவதே சாத்தியம் என்றும் பொறியாளர்கள் சொல்வதுண்டு. அதிலும் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் பந்து உள்ளே விழுந்துவிட்டால் ஆறடி வேலி எட்டு வயதுப் பையனுக்குத் தடையாகாது; அவனைத் தூக்க ஓடிவரும் பெரியவருக்கோ, சாவியை வைத்திருக்கும் காவலாளி தேநீர் குடிக்கப் போயிருந்தால், அதே வேலிதான் முதல் தடையாகும். நீர் உட்புகும் குழாய் வாய்க்குக் கம்பிவலை, விளிம்பை ஒட்டி முழங்காலளவு ஜலத்தில் நிற்கத்தக்க அகலமான ஒரு படி, ஏரியின் கலங்கலைப் போல உபரிநீர் தானாக வழிந்தோடும் ஒரு போக்கு ஆகிய இம்மூன்றுக்கும் ஆகும் செலவு வேலிக்கு ஆவதைவிடப் பெரிதாக அதிகமிராது. ஆனால் மேலிருந்து பார்த்த வரைபடத்தில் இவை எதுவும் தெரியாது. மனை வாங்கப் போகிறவர், நீச்சல் குளத்தையும் உடற்பயிற்சிக் கூடத்தையும் பார்த்து முடித்த பிறகாவது, இந்த நீலச் சதுரத்தின் குறுக்குவெட்டுப் படத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம்.