வளவும் வீட்டு நிலையமும்

யாழ்ப்பாணத்தில் புதுவீடு கட்ட எண்ணுபவர் இருவரை நாடுகின்றார். ஒருவர், நல்ல நாளில் கயிறு பிடித்து, முளை அடித்து, வீட்டுக்கு 'நிலையம்' எடுத்துத் தருபவர். மற்றவர், வரைபடத்தைப் பார்த்து அனுமதி வழங்கும் சபை உத்தியோகத்தர். முன்னவர் சொல்வதை மக்கள் பக்தியோடு ஏற்கின்றனர். பின்னவர் சொல்வதைத் தொல்லை எனக் கருதுகின்றனர். ஆயினும் இருவரும் ஆராய்வது ஒரே வினாவைத்தான். இக்காணியில் எப்பகுதியைக் கட்டாமல் வெறுமையாக விடவேண்டும் என்பதே அவ்வினா.

வளவு பெரிதாக இருந்த காலத்தில் இவ்வினா எவரையும் வருத்தவில்லை. பத்துப் பரப்பு வளவின் நடுவில் நாற்சார் வீடு நின்றது. சுற்றிலும் மாவும் பலாவும் நின்றன. அவ்வளவு பிள்ளைகளுக்குச் சீதனமாகப் பிரிந்து, இன்று ஒரு பரப்பு, இரண்டு பரப்பு என ஆகிவிட்டது. பதினாறு பரப்புக் கொண்டது ஓர் ஏக்கர். ஆகவே ஒரு பரப்பு என்பது 10 பேர்ச். ஏறத்தாழ 2,722 சதுர அடி. 45 அடி அகலமும் 60 அடி நீளமும் கொண்ட துண்டு என அதை மனத்திற் கொள்ளலாம். அதிலும் எல்லையிலிருந்து விலகிக் கட்டு என்றால், உடையவருக்கு அது நட்டமாகவே தோன்றும். உண்மையில் நட்டந்தானா?

இலங்கையில் இவ்விதிகள் நோயச்சத்தோடு வந்தவை. 1914ஆம் ஆண்டில் கொழும்பில் பிளேக்கு நோய் தோன்றியது. நெருங்கிய வீடுகளும் வெளிச்சம் புகாத அறைகளும் எலிக்கும் நோய்க்கும் இருப்பிடமாயின. 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் இக்காலத்திலேயே பிறந்தது. 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் நகர அபிவிருத்தி அதிகாரசபை அமைந்தபின், 1986ஆம் ஆண்டிலும் 2021ஆம் ஆண்டிலும் விரிவான ஒழுங்குவிதிகள் வெளியாயின. வதிவிடக் கட்டடம் காணியின் பரப்பில் 65 சதவீதத்துக்கு மேற்படலாகாது என்பது பொதுவாக வழங்கும் அளவு. இடத்துக்கு இடம் அளவுகள் வேறுபடுமாதலால், தத்தம் மாநகரசபை, நகரசபை அல்லது பிரதேச சபையில் கேட்டறிவதே முறை.

பின்புறத்தில் விடவேண்டிய இடத்தை அளக்க ஒரு கோணம் உண்டு. 1894ஆம் ஆண்டின் இலண்டன் கட்டடச் சட்டத்திற் காணப்படும் அறுபத்துமூன்றரைப் பாகைக் கோணமே இந்நாட்டு விதிகளிலும் இடம்பெற்றது. காணியின் பின்னெல்லையில் நின்று அக்கோணத்தில் வானை நோக்கி ஒரு கோடு இழுத்தால், கட்டடம் அக்கோட்டை வெட்டலாகாது. கணக்கு எளிது: சுவரின் உயரத்திற் பாதியளவு இடம் வெறுமையாக இருக்கவேண்டும். 15 அடி உயரமுள்ள சுவருக்கு ஏழரை அடி. 24 அடிக்கு 12 அடி. அயலவரும் அவ்வாறே விட்டால் இரு வீட்டு அறைகளுக்கும் வானம் தெரியும். ஒருவர் விடாதொழிந்தால் மற்றவர் பகலிலும் விளக்கேற்ற நேரும்.

முன்புறத்தில் வீதிக்கோடு என்பதொன்று உண்டு. வீதி இன்று இருக்கும் அகலத்தை அன்று, நாளை அகலிக்கவேண்டிய அளவை அது குறிக்கும். சபையில் வீதிக்கோட்டுச் சான்றிதழைப் பெறாமல் அத்திவாரம் வெட்டுபவர், பிற்காலத்தில் தம் தலைவாசலையே வீதிக்குக் கொடுக்க நேரலாம். பக்கத்தெல்லையிலும் கவனம் வேண்டும். யன்னல் வைக்கும் சுவர் எல்லையை ஒட்டி நிற்கலாகாது. தாவாரத்து நீர் தம் நிலத்திலேயே விழவேண்டும். ஒரு முழத் தாவாரம் வேலிக்கு மேலாக நீண்டதால் பேச்சற்றுப்போன உறவுகள் ஊர்தோறும் உண்டு.

இனி, வீட்டை எத்திசை நோக்கி வைப்பது? மாலை வெயில் மேற்குச் சுவரைச் சுடுமாதலால், நீண்ட சுவர்கள் வடக்கிலும் தெற்கிலும் அமைவது நலம். சோழகம் தென்மேற்கிலிருந்தும் வாடை வடகிழக்கிலிருந்தும் வீசும். தென்கிழக்கு மூலையில் அடுக்களை இருப்பின், சோழகம் புகையை வீட்டின் கிழக்கே தள்ளும். வாடை தெற்கே தள்ளும். இரு பருவத்திலும் புகை வீட்டுக்குள் புகாது. அக்கினி மூலை என்று முன்னோர் கூறியதில் இப்பயனும் அடங்கியிருக்கின்றது.

ஆனால் மரபை அயலை நோக்காது பின்பற்றினால் தீங்கு விளையும் இடமும் ஒன்றுண்டு. வடகிழக்காகிய ஈசான மூலையிற் கிணறு. அதற்கு மிகத் தொலைவான தென்மேற்கில் மலசலகூடக் குழி. ஒரு வளவை மட்டும் நோக்கினால் இது சிறந்த ஏற்பாடு. அடுத்தடுத்த வளவுகள் யாவும் இவ்வாறே அமைந்தால் நடப்பது யாது? ஒருவரின் தென்மேற்கு மூலையே மூலைக்கு மூலை தொடும் அயலவரின் வடகிழக்கு மூலை. இவருடைய குழி அவருடைய கிணற்றின் அருகில் வந்துவிடுகின்றது!

குடாநாட்டில் இது சிறு விடயமன்று. நிலத்தின் கீழ் இருப்பது வெடிப்பும் பொந்தும் நிறைந்த சுண்ணக்கல். நிலாவரைக் கிணற்றை உண்டாக்கிய அதே கல் இது. மணல் போல நீரை வடிகட்டும் இயல்பு இதற்குக் குறைவு. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. தோட்டத்து உரமும் மலக்கழிவும் அதற்குக் காரணங்கள். நைத்திரேற்று கைக்குழந்தைகளுக்குக் கேடு. நீரைக் கொதிக்கவைப்பதால் நீங்குவதன்று. கிணற்றுக்கும் குழிக்கும் இடையே 50 அடியாவது வேண்டும் என்பது சுகாதாரப் பரிசோதகர்கள் வழக்கமாகக் கூறும் அளவு. சுண்ணக்கல் நிலத்தில் அதுவும் போதாமற் போகலாமாதலால், இயன்றவரை கூடுதலாக விடுவதும், நீர் கசியாத தொட்டி கட்டுவதும் அவசியம்.

ஆகவே வரைபடத்தில் வீட்டை முதலில் வரைவது தவறு. முதலில் நில அளவையாளரைக் கொண்டு எல்லையைத் தெளிந்து, வீதிக்கோட்டைக் குறிக்கவேண்டும். பின்னர்த் தம் கிணற்றோடு சூழவுள்ள அயலவரின் கிணறுகளையும் அதே தாளிற் குறிக்கவேண்டும். அவை எல்லாவற்றுக்கும் தொலைவான இடத்திற் குழியை அமைத்து, பக்கத்திலும் பின்னிலும் விடவேண்டியதை விட்டபின், எஞ்சிய இடமே வீட்டுக்குரியது. தாளில் ஒரு கோட்டை அழித்து வரைய ஒரு நிமிடம் போதும். கல்லிற் கட்டியதை மாற்றத் தலைமுறையும் போதாது.

எல்லையருகே விட்ட நிலம் வீணான நிலமன்று. அவ்வழியே காற்றும் வெளிச்சமும் வருகின்றன. அயலவர் கிணற்று நீரும் அதனாலேயே காக்கப்படுகின்றது. அயலவர் விட்ட நிலம் நம் கிணற்றைக் காக்கின்றது.